நகல் சர்வரும் பயர்வாலும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

காரைக்குடி

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடியில் தலைமைக் கடையும் தேவகோட்டையிலோ மதுரையிலோ கிளையும் நடத்தும் தங்களில் பலருக்கு, தலைமைக் கடையில் போடும் ஒவ்வொரு பில்லும் சில நொடிகளில் கிளையின் நகல் சர்வருக்குப் போய்ச் சேரும்படி போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் அமைத்துக் கொடுத்திருக்கிறோம். அண்மையில் இன்டர்நெட் லைனையோ ரௌட்டரையோ மாற்றிய சில கடைகளில் இந்த நகலெடுப்பு நின்றுவிட்டது. லைன் போட வந்தவர், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவலான பயர்வாலையே அணைத்துவிட்டுப் போன கடைகளும் உண்டு. அருள்கூர்ந்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பயர்வால் காப்பது கணக்கு முழுவதும் இருக்கும் சர்வரை.

தலைமை சர்வர் நகலைத் தேடிப் போவதில்லை. நகல் சர்வர்தான் தலைமையின் 5432ஆம் போர்ட்டுக்கு (சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வந்து இணைப்பைத் தொடங்குகிறது. ஆகவே கிளைப் பயர்வாலில் உள்ளே வரும் வழி எதையும் திறக்க வேண்டியதில்லை. தலைமைப் பக்கத்தில், நகல் சர்வரின் முகவரிக்கு மட்டும், அந்த ஒரு போர்ட் திறந்திருந்தால் போதும். அதையும் இன்டர்நெட்டுக்கு நேராகக் காட்டாமல், வயர்கார்டு என்னும் வி.பி.என். (இரு கடைகளுக்கும் இடையே பூட்டிய தனிப்பாதை) வழியாகவே நாங்கள் கொடுக்கிறோம்.

புது லைன் வந்ததும் ரௌட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகளும் கடைகளும் பங்கிட்டுக்கொள்ளும் லைன் அது. தலைமைக் கடைக்கு அப்படி அமைந்துவிட்டால், ரௌட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. நிலையான முகவரி கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல், இரு கடைகளும் வெளியே சென்று சந்திக்கும்படி வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும்.

"பிங் போகிறதே, பிறகென்ன?" என்று பலர் கேட்கிறீர்கள். கணினி பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் பிங் வேறு, போர்ட் வேறு. நகல் சர்வரின் பதிவில் இணைப்பு நேரம் கடந்துவிட்டதாக வந்தால், வழியில் ஒரு பயர்வால் சத்தமின்றி விழுங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இணைப்பு மறுக்கப்பட்டதாக உடனே வந்தால், பொதுவாக அந்தக் கணினி வரை போய்ச் சேர்ந்தாயிற்று, அங்கே போஸ்ட்கிரெஸ் காதுகொடுக்கவில்லை என்று பொருள். யார் இணையலாம் என்று போஸ்ட்கிரெஸ் பார்க்கும் அனுமதிக் கோப்பில் வரி இல்லை என்ற செய்தி வந்தால் பயர்வால்மேல் குற்றமே இல்லை: அக்கோப்பில் எல்லாத் தரவுத்தளங்களுக்கும் அனுமதி என்று எழுதியிருந்தாலும் நகலெடுப்பு அதில் அடங்காது, அதற்குத் தனி வரி வேண்டும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது ஒரு நகைக்கடை. இணைப்பு கிடைத்தது, கடவுச்சொல் ஏற்கப்பட்டது, ஆனால் முதல் முழு நகல் தொடங்கியதுமே அசையாமல் நின்றது. இரண்டு நாள் பயர்வால் விதிகளையே புரட்டிக்கொண்டிருந்தோம். சிறு பாக்கெட்டுகள் (தரவைப் பிரித்து அனுப்பும் பொட்டலங்கள்) போய்வந்தன. பெரியவை புது லைனில் நுழையவில்லை. "அளவு பெரிது" என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி (வழியில் நேரும் பிழைகளைத் தெரிவிக்கும் முறை) செய்தியை ரௌட்டர் தடுத்திருந்தது. வயர்கார்டின் பாக்கெட் அளவை 1420 பைட்டிலிருந்து 1280 பைட்டாகக் குறைத்ததும் நகல் ஓடத் தொடங்கியது. ஐசிஎம்பியை முழுவதும் அடைக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நகல் நின்றால் கிளைக்குத்தானே நட்டம் என்று இருந்துவிடாதீர்கள். நகல் சர்வருக்கென ஸ்லாட் (அது எதுவரை பெற்றது என்று தலைமை சர்வர் வைக்கும் குறிப்பு) வைத்திருக்கும் இடங்களில், அது திரும்பி வரும்வரை தலைமை சர்வர் மாற்றப் பதிவுகளை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். வட்டு நிரம்பினால் தலைமைக் கடையின் பில்லிங்கே நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பு முதல் இதற்கு உச்சவரம்பு வைக்கலாம். வரம்பு தாண்டினால் நகலை முதலிலிருந்து எடுக்க நேரும், ஆனால் கடை ஓடும். இதற்கு முந்தைய பதிப்பு இன்னும் ஓடும் கடைகளுக்கு நாங்களே நேரில் வந்து மாற்றித் தருகிறோம்.

லைன் மாற்றுவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பாகவே சொல்லியனுப்புங்கள். பழைய லைனை அன்றே துண்டிக்காமல், நகல் சர்வர் புது லைனில் ஒரு நாள் முழுவதும் ஓடியதைப் பார்த்த பிறகு துண்டிக்கச் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
நிறுவனத்தார்