மழைக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவுகள்

அன்பு மகளுக்கு,

அமெரிக்காவில் நடக்கும் நெடுந்தூர மோட்டார் சைக்கிள் போட்டியான அயர்ன் பட் ராலியில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று நீ தொலைபேசியில் சொன்னபோது, உன் அம்மா கேட்ட கேள்விகளில் பாதியைக்கூட நான் கேட்கவில்லை. அதை மனமில்லாமை என்று நீ எடுத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். எனக்கு அதில் முழுச் சம்மதம் மட்டுமல்ல, பெருமையும் உண்டு. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, அதைப் பேச்சில் அவசரமாகச் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான்.

போட்டியின் விதிகளையும் பழைய ரைடர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் இந்த வாரம் முழுவதும் படித்தேன். 1984இல் தொடங்கி, இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இதை உன் மாமா இன்னும் வேகப் பந்தயம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். 11 நாட்களில் ஏறத்தாழ 11,000 மைல், அதாவது 17,700 கிலோமீட்டர், நம் ஸ்ரீநகர் – கன்னியாகுமரி நெடுஞ்சாலையின் நீளத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் என்று சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் முதலில் வந்து சேருபவருக்கு இதில் பரிசில்லை. கையேட்டில் கொடுக்கப்படும் நூற்றுக்கணக்கான இடங்களில் எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்று நீயே வழியை வகுத்து, ஒவ்வோர் இடத்திலும் உனக்குக் கொடுத்த கொடியோடு படமெடுத்து, மதிப்பெண் சேர்த்து, குறித்த நேரத்துக்குள் சோதனை நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். ஓய்வெடுத்ததை ரசீதோடு காட்டினால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்று படித்தபோது, இதை வகுத்தவர்கள் சாலையை அறிந்தவர்கள் என்ற நிம்மதி எனக்கு வந்தது. பெண்கள் இதில் வெல்ல முடியுமா என்று கேட்ட உன் பெரியம்மாவிடம், 2019இல் வெண்டி கிராக்கெட் முதலிடம் பிடித்ததைச் சொல்லியிருக்கிறேன்.

நான் எழுத வந்தது மழையையும் குளிரையும் பற்றித்தான். சாலைத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. கெட்ட வானிலை ஓட்டுபவரின் கைகளைத் தாக்குவதற்கு முன்பே அவருடைய முடிவெடுக்கும் திறனைத் தாக்கிவிடுகிறது என்பதை நான் நேரில் பலமுறை கண்டிருக்கிறேன். அதனால் மழையில் எடுக்க வேண்டிய முடிவுகளை மழைக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள் என்பதுதான் நான் உன்னிடம் கேட்பது.

வால்பாறைச் சாலையில் நான் பொறுப்பில் இருந்த காலம் உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் விடாது. அந்த மழையில் சாலையை எப்போது அடைப்பது என்பதை நாங்கள் மலையில் நின்றுகொண்டு முடிவு செய்ததில்லை. மழைக்காலம் தொடங்கும் முன்பே, காய்ந்த அறையில், காய்ந்த காகிதத்தில் எழுதி வைப்போம். சரிவில் கசியும் ஊற்றுநீர் தெளிவாக இருந்து திடீரென்று செம்மண் நிறமாக மாறினால் அடைக்க வேண்டும். அடை மழையிலும் ஒரு சிறுபாலத்தின் அடியில் ஓடும் நீர் சட்டென்று குறைந்தால், மேலே எங்கோ மண் சரிந்து ஓடை அடைபட்டிருக்கிறது என்று பொருள். அப்போதும் அடைக்க வேண்டும். ஒருநாள் இருட்டும் வேளையில், கல்லிடுக்கிலிருந்து விரல் தடிமனுக்கு வந்துகொண்டிருந்த நீர் காப்பியைப் போல் கலங்கியதைப் பார்த்துத் தடுப்பைப் போடச் சொன்னேன். பின்னால் நின்ற பேருந்துப் பயணிகளும் தோட்டத்து லாரிக்காரர்களும் என்னை ஏசினார்கள். குடைக்குள் நனைந்தபடி, பசியோடு, அத்தனை பேரின் கோபத்துக்கு நடுவே நின்று அன்றைக்குத்தான் நான் யோசிக்க வேண்டியிருந்திருந்தால், “இன்னும் பத்து வண்டி போகட்டும்” என்று சொல்லியிருக்கவும் கூடும். எழுதி வைத்திருந்ததால் யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

உனக்கும் அதே நிலைதான் வரும், கண்ணு. அடுத்த நகரத்தில் பெரிய மதிப்பெண் காத்திருக்கும், நிலையம் மூடும் நேரம் நெருங்கும், உடல் நனைந்திருக்கும். வெப்பநிலை 10 டிகிரி இருக்கும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தோலுக்கு அது ஏறக்குறைய 4 டிகிரியாகவே படும். அது உலர்ந்த உடலுக்கான கணக்கு. நனைந்த உடை காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சிவிடும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் நடுக்கம் வரும், பிறகு சிந்தனை தடுமாறும், அதற்கும் பிறகு நடுக்கம் நின்றுபோகும். நடுக்கம் நின்றதை உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துத் தொடர்ந்து ஓட்டுவதுதான் இதிலுள்ள மிகப் பெரிய ஆபத்து. ஜூன் மாதம்தானே என்று இருந்துவிடாதே. மொன்டானா எல்லையில் பேர்டூத் கணவாய் 3,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே ஜூனிலும் பனி விழும். காலையில் பாலைவன வெயிலில் வெந்தவர்கள் இரவில் மலை மேல் விறைத்துப் போவது இந்த ராலியில் நடக்கக்கூடியதுதான்.

தூக்கமும் அப்படியே. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்கு நிகராகக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் நாட்டுச் சட்டம் 0.03க்கு மேல் இருந்தாலே வண்டியைத் தொடக்கூடாது என்கிறது. மழை இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்கும். ஏனென்றால் ஈரச் சாலையில் ஒவ்வொரு நிமிடமும் கண்ணும் கையும் இரட்டிப்பாக உழைக்கின்றன. இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மழையும் சேர்ந்துகொண்டால் நீ ஓட்டக்கூடாது. இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

சமவெளியில் நீ சந்திக்கப்போகும் இடிமழையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றிய விஷயம் இது. கான்சஸ், நெப்ராஸ்கா பக்கம் இந்த மழைப் பட்டைகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்கின்றன. ஒரு பட்டை 30 கிலோமீட்டர் அகலம், மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள். நீ மேற்கே 80இல் போனால் பன்னிரண்டே நிமிடத்தில் அதைக் கடந்துவிடுவாய். கிழக்கே 100இல் போனால் அதைப் பின்னாலிருந்து எட்டிப்பிடித்து, ஒரு மணி நேரம் அதற்குள்ளேயே இருந்து, அதன் மிகக் கொடிய முன்விளிம்பைக் கடைசியில், களைத்த நிலையில் சந்திப்பாய். ஆகவே கிழக்கு நோக்கிய பயணத்தில் முன்னால் வானம் கறுத்திருந்தால், அதுதான் சாப்பிடவும் பெட்ரோல் போடவும் உகந்த நேரம். நீ நிற்கும் ஒரு மணி நேரத்தில் அது 70 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி முப்பது நொடிக்குள் வந்துவிட்டால் கட்டடத்துக்குள் போய்விடு. மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் ஒதுங்காதே. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் சுழற்காற்றுக்கு அப்படி ஒதுங்கியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். பாலத்தின் அடியில் காற்று குறுகி இன்னும் வேகம் எடுக்கும்.

சாலையைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியது குறைவு. பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்களில் எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வழுக்கும் என்பதும், வண்ணக்கோடுகளும் பாலங்களின் இரும்பு இணைப்புகளும் தார் பூசி அடைத்த விரிசல்களும் ஈரத்தில் பிடிமானம் தராது என்பதும் உனக்குத் தெரியும். டயர் காற்றைக் குறைத்தால் மழையில் பிடிமானம் கூடும் என்று சொல்பவர்களை மட்டும் நம்பாதே. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களைச் சோதித்து வகுத்த கணக்கின்படி, டயரின் காற்றழுத்தம் குறையக் குறைய அது தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறைகிறது. 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அது மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பைக் டயரின் வளைந்த வடிவம் நீரைப் பிளந்து போவதால் உனக்குக் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் லாரிகள் குழியாக்கிய சக்கரத் தடங்களில் தேங்கிய நீரில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. தடத்தை விட்டு நடு மேட்டில் ஓட்டு. குறுக்குக் காற்றுக்கு நீ அஞ்ச வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பொள்ளாச்சிச் சாலையில் வண்டி ஓட்டக் கற்றவள் நீ. அன்று செய்தது போலவே முழங்காலால் டேங்கைப் பற்றிக்கொண்டு கைப்பிடியைத் தளர்வாகப் பிடி.

அலாஸ்காவைப் பற்றித்தான் எனக்கு உண்மையிலேயே கவலை. முந்தைய சில ராலிகளில் அதன் வடகோடியில் உள்ள புரூடோ பே வரை போனவர்களுக்குப் பெரிய மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். அங்கே போகும் டால்டன் நெடுஞ்சாலை 666 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளைச் சாலை. தூசி எழாமலிருக்கக் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மண்ணை இறுக்கிப் பிடிக்கும் அருமையான பொருள் அது. ஆனால் நல்ல மழை பெய்துவிட்டால் அதே பரப்பு பசையும் வழுக்கலுமாக மாறும். உன் கையேட்டில் அப்படி ஓர் இடம் வந்தால், மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு அதை விடுவதற்கும் தயாராக இரு. எண்ணிக்கையில் பெரியது என்பதற்காக மட்டும் அதைத் தொடாதே.

மழை உடையை வீட்டுக் குளியலறை ஷவருக்குக் கீழே அரை மணி நேரம், ஹெல்மெட்டோடு, வண்டியில் உட்காரும் கோணத்திலேயே உட்கார்ந்து சோதித்துப் பார். நின்றுகொண்டு சோதித்தால் மடியில் தேங்கும் நீர் தையல் வழியாக உள்ளே வருவது தெரியாது. கையுறையின் மேல் சட்டைக் கை வர வேண்டும். ரசீதுகளை இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் வை. நனைந்து எழுத்து அழிந்த ரசீதைக் காட்டி எந்த மதிப்பெண்ணையும் கேட்க முடியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, புறப்படுவதற்கு முன் ஒரு சிறிய அட்டையில் உன் கையால் எழுது. எந்த அறிகுறி வந்தால் நிற்பாய், எந்த நேரத்துக்குப் பிறகு மழையில் ஓட்டமாட்டாய், எந்த வானிலையில் எந்த வகை இடத்தை விடுவாய் என்று அதில் இருக்கட்டும். கடந்துவந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை என்றால் நிற்பேன் என்பதையும் கட்டாயம் சேர். டேங்க் பையின் மேலுறைக்குள், கண்ணில் படும்படி அதை வை. எழுதியதும் படமெடுத்து எனக்கு அனுப்பு. விடுபட்டது ஏதாவது இருந்தால் சொல்கிறேன், நீ எழுதியதை மாற்றச் சொல்லமாட்டேன். வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியின் இணைப்பை உன் அம்மாவுக்கும் அனுப்பிவிடு. புள்ளி ஓரிடத்தில் நெடுநேரம் நின்றால் பயப்படக்கூடாது, மகள் தூங்குகிறாள் என்று பொருள் என அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா