சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூச வேண்டாம்

அன்பின் மகனுக்கு,

அங்கே சேரும் காசில் எங்கள் கோவிலின் உதிர்ந்த சுவருக்குச் சீமெந்து பூசலாம் என்று எழுதியிருந்தாய். நல்ல மனம் ராசா. ஆனால் அந்தச் சுவருக்குச் சீமெந்து ஆகாது.

வன்னியில் கோவில்கள் துண்டு துண்டாகத்தான் வளர்ந்தன. மடு மாதா கோவிலையே பார். 1670 அளவில் ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதா சொரூபத்தோடு மருதமடுக் காட்டுக்குள் வந்தன. இன்றைய கோவிலுக்கு யாழ்ப்பாண ஆயர் பொன்ஜீன் ஆண்டகை அடிக்கல் வைத்தது 1872இல். முகப்பும் லூர்து கெபியும் அவருக்குப் பிறகு வந்தவை. அர்ச்சிப்பு நடந்தது 1944இல்.

எங்கள் கோவிலும் அப்படித்தான். பீடப் பக்கம் பழையது, முகப்பு பிந்தியது. இரண்டும் சேருமிடத்தில் மேலிருந்து கீழே ஓடும் வெடிப்பைப் பார்த்து அத்திவாரம் இறங்கிவிட்டதென்று பயப்படாதே. வேறு வேறு காலத்துச் சுவர்கள் ஒன்றோடொன்று கட்டுப்படாமல் நிற்பதால் வந்த பிளவு அது. அகலம் கூடுகிறதா என்று ஒரு மாரி முழுக்க அளந்து பார்த்தால் போதும்.

பெரிய கேடு ஈரம். பழைய அத்திவாரத்தில் ஈரந்தடுப்பு இல்லை, நிலத்து நீர் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சீமெந்து அடைத்துக்கொள்ளும். உள்ளே தங்கிய உப்பு பளிங்காகிக் கல்லையே உடைக்கும். சண்டைக்குப் பிறகு ஷெல் காயங்களைச் சீமெந்தால் அடைத்த இடங்களைச் சுற்றித்தான் இப்போது சுவர் மாவாகக் கொட்டுகிறது.

ஆகவே முதலில் கூரை ஓடுகளையும் மழைநீர்ப் பீலியையும் பார்க்க வேண்டும். உடைந்த ஓடுகளை மாற்றி, கறையான் தின்ற சிலாகைகளைக் கழற்றி, மழைநீர் சுவரடியில் தேங்காமல் நிலத்தைச் சரிக்க வேண்டும். பிறகு சீமெந்தை உளியால் மெல்லக் கொத்தி எடுக்கட்டும், மெசின் வேண்டாம். நீற்றின சுண்ணாம்பு ஒரு மாதமாவது தண்ணீருக்குள் ஊற வேண்டும். அதில் ஒரு பங்கு, கழுவின ஆற்றுமணல் மூன்று பங்கு. கடல்மணல் கலந்தால் உப்பை நாங்களே உள்ளே வைத்ததாகும். ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஈரச்சாக்குப் போட்டுக் காக்க வேண்டும், ஏனெனில் சுண்ணாம்பு காற்றை உண்டு மெதுவாகத்தான் இறுகும். கச்சான் காற்றில் செய்தால் இறுகுமுன் காய்ந்து பொடியாகிவிடும். மாசி, பங்குனிதான் தோது.

மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் அடிக்க வேண்டாம், வெள்ளையடித்தால் போதும். முதல் காசைக் கூரைக்கென்றே ஒதுக்கச் சொல்லி உன் ஆட்களிடம் பேசு. மாரிக்கு முன் ஓடு மாற்றிவிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா