புதுச்சேரியின் பிரெஞ்சு வாக்காளர்களுக்கு, அடுத்த வீட்டிலிருந்து ஒரு மடல்

வணக்கம்.

உங்கள் வீடுகளைச் 'சொல்தா வீடு' (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடு) என்று சொல்லியே வளர்ந்தவன் நான். குருசுக்குப்பத்தில் எங்களுக்கும் அப்படியொரு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்த வீட்டுப் பெரியவர் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் விரலில் மை இருக்காது. வேட்பாளர் பெயர் அச்சிட்ட தாள்களை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய், ஒன்றை மட்டும் உறையில் வைத்துப் பெட்டியில் போடவேண்டும் என்று திண்ணையில் உட்கார்ந்து நடித்தே காட்டியிருக்கிறார். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபிறகு கிடைத்த ஆறு மாத அவகாசத்தில், பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று அவருடைய அப்பா எழுதிக்கொடுத்தார். என் தாத்தா எழுதிக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். (அந்த ஒரு தாளால் 'நேஷனாலிட்டி மாப்பிள்ளை'க்கு என்ன விலை போனது என்பது தனிக்கதை.)

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஐ.நா.வில் 193 நாடுகள். போரையும் அமைதியையும் பற்றி முடிவெடுக்கும் பாதுகாப்பு அவையில் 15. அதிலும் 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்லால் மற்ற எல்லாரையும் உட்காரவைக்கும் வீட்டோ ஐந்தே நாடுகளிடம். அந்த ஐந்தில் ஒன்றின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு உங்களிடம் இருக்கிறது. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் இல்லை.

வீட்டோ என்ன செய்யும் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் தீர்மானத்துக்கு 11 நாடுகள் ஆதரவு. ரஷ்யா ஒன்று தடுத்தது. (இந்தியா நடுநிலை வகித்தது, அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.) 2023 டிசம்பரில் காசா போர்நிறுத்தத்துக்கு 13 நாடுகள் ஆதரவு, அமெரிக்கா ஒன்று தடுத்தது. இரண்டு முறையும் பிரான்ஸ் ஆதரவாகவே கை தூக்கியது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

1948 டிசம்பர் 10 அன்று மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது பாரீசில். எல்லா உரிமைகளும் முழுமையாகக் கிடைக்கும்படியான உலக ஒழுங்கு ஒவ்வொருவருக்கும் உரியது என்கிறது அதன் 28-வது பிரிவு. அன்றைக்கு நம் ஊர் பிரெஞ்சுக் காலனி. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பேர் கூடி, 170-க்கு 8 என்று இந்தியாவோடு சேர முடிவெடுத்தார்கள். மொத்த மக்களையும் கேட்காமல் 178 பேர் மட்டும் முடிவு செய்தது சரியா என்று இன்றும் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 178 பேரும் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதிகள், நகரசபை உறுப்பினர்கள். அந்த ஐந்து நாடுகளை உலகத்தில் யார் ஓட்டுப் போட்டு உட்காரவைத்தார்கள்? 1945-ல் போரில் ஜெயித்த பக்கம் இருந்தார்கள், அதுதான் தகுதி.

இந்தியாவுக்கும் ஒரு நிரந்தர இடம் வேண்டும் என்று இங்கே பலர் ஆசைப்படுகிறார்கள். பிரான்சும் அதை ஆதரிக்கிறது. வீட்டோவோடு வந்தால் மாடியில் இன்னொரு வீடு கூடும்; கீழே இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

பிரான்ஸ் 1989-க்குப் பிறகு வீட்டோவைப் பயன்படுத்தவே இல்லை. கூட்டப் படுகொலைகள் நடக்கும்போது ஐவரும் அதைத் தாங்களாகவே நிறுத்திவைக்க வேண்டும் என்று 2013-ல் முன்மொழிந்ததும் பிரான்ஸ்தான். 2015-ல் மெக்சிகோவோடு சேர்ந்து அறிக்கையும் வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்திருக்கின்றன. ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாத நல்லெண்ணம். நாளைக்கு வேறொரு அதிபர் வந்தால் அலமாரிக்குள் போய்விடும்.

2027-ல் உங்களுக்கு அதிபர் தேர்தல். வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான 11-வது தொகுதியில் இந்தியாவும் இருப்பதால், நாடாளுமன்றத் தேர்தலிலும் உங்களிடம் ஓட்டுக் கேட்பார்கள். பென்ஷன், விசா, பிள்ளைகள் படிப்பு எல்லாம் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். கூடவே ஒன்று: மற்ற நால்வருக்காகக் காத்திருக்காமல், படுகொலை நடக்கும் இடத்தில் வீட்டோவைத் தொடமாட்டோம் என்று பிரான்ஸ் மட்டுமாவது சட்டமாக எழுதிவைக்குமா?

கேள்வியைப் பிரெஞ்சில் நானே எழுதித் தந்திருப்பேன். என் பிரெஞ்சு 'போன்ழூர்' தாண்டவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
குருசுக்குப்பத்து அண்டை வீட்டுக்காரன்