பதிவேட்டில் ஒரு முகவரி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்ற புதன்கிழமை இரவு நம் தமிழ்ப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய படமும் முகவரியும் பகிரப்பட்டன. நியூ ஜெர்சி மாநிலக் காவல் துறையின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் பக்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தும் கட்டடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் காட்டியது. விடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள் வந்துவிட்டன. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை இனி அனுப்பப் போவதில்லை என்று எழுதின. ஒருவர் வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டார். அந்தப் படத்தை அச்சடித்துக் குடியிருப்பின் கதவுதோறும் ஒட்ட வேண்டும் என்ற யோசனையைப் பலர் ஆமோதித்தார்கள். மறுநாள் காலை ஒரு தந்தை நேரே போய் அந்த எண்ணுள்ள கதவைத் தட்டினார். திறந்தவர் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண். பதிவேடு குறிப்பிட்டது பக்கத்துக் கட்டடத்தில் அதே எண் கொண்ட வீட்டை.

அந்தத் தந்தை அன்று மாலையே என்னிடம் வந்து நடந்ததைச் சொன்னார். பெண் பிள்ளை வைத்திருப்பவருக்கு வரும் பயம் எனக்கும் தெரியும். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நாம் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டிய ஒரு விஷயத்தை அந்த ஒரு நிமிடம் என் முன்னால் வைத்துவிட்டது. அதனால்தான் குழுவில் இரண்டு வரி எழுதாமல் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு இப்படி ஒரு பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இருப்பதே புதிது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தைக் காவல் துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும். இங்கே அது வெளிப்படையாக இருப்பதற்குக் காரணம், இதே மாநிலத்தில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த துயரம். 1994 ஜூலை 29ஆம் நாள், மெர்சர் கவுண்டி என்ற மாவட்டத்தின் ஹாமில்டனில், மேகன் காங்கா என்ற ஏழு வயதுச் சிறுமி, எதிர்வீட்டில் குடியிருந்தவன் நாய்க்குட்டி காட்டுவதாகக் கூப்பிட்டதை நம்பிப் போய்க் கொல்லப்பட்டாள். அவன் அதற்கு முன்பே சிறுமிகளிடம் நடந்துகொண்ட முறைக்காகத் தண்டனை பெற்றவன். அந்தத் தெருவில் எந்தப் பெற்றோருக்கும் அது தெரிவிக்கப்படவில்லை. மேகனின் பெற்றோர் கேட்டது ஒன்றுதான்: பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவர்களோடு கையெழுத்திட்டார்கள். மூன்று மாதத்தில், அக்டோபர் 31 அன்று, மேகன் சட்டம் என்று அழைக்கப்படும் மாநிலச் சட்டம் வந்தது. 1996இல் அது நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. எனவே பதிவேட்டைப் பார்ப்பதில் தவறே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தத் தாய் போராடினார்.

ஆனால் பார்ப்பவருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் பதிவு செய்யப்பட்டவர்களை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள்; முதல் நிலையில் ஆபத்து குறைவு, மூன்றாம் நிலையில் அதிகம். மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பைக் கவுண்டி அரசு வழக்குரைஞர் அலுவலகம் மதிப்பிடும். அதை எதிர்த்து நீதிபதி முன் வாதாடும் உரிமை சம்பந்தப்பட்டவருக்கு உண்டு. முதல் நிலையில் உள்ளவர்கள் பொதுவாக இணையப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். மூன்றாம் நிலையில் உள்ளவரைப் பற்றி, அவரை எதிர்கொள்ள வாய்ப்புள்ள வீடுகளுக்குக் காவல் துறையே கதவு தட்டிச் சொல்லும். இரண்டாம் நிலைக்கான அறிவிப்பு பள்ளிகளுக்கும், குழந்தைகள் காப்பகங்களுக்கும், முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட அமைப்புகளுக்கும் வரும். அதைப் பெறுகிறவர்கள் பிள்ளைகளை நேரடியாகக் கவனிக்கும் பொறுப்பில் உள்ளவர்களைத் தவிர வேறு யாரிடமும், பெற்றோரிடம்கூட, சொல்லக் கூடாது. “சார், உங்களுக்கு முன்பே தெரியுமா, ஏன் மறைத்தீர்கள்?” என்று மூன்று பேர் என்னிடம் கேட்டீர்கள். நான் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த மௌனத்தை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவில் உள்ளவர்கள் முகவரியைக் காவல் துறையிடம் ஆண்டுக்கு ஒரு முறையோ, சிலர் 90 நாளுக்கு ஒரு முறையோ உறுதிசெய்ய வேண்டும் என்பதையும், பலர் விடுதலைக்குப் பிறகும் ஆயுள் முழுவதும் பரோல் அதிகாரிகளின் கண்காணிப்பில் இருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் ஒருவர் பிள்ளைகளை நெருங்குவதை நீங்கள் கண்ணால் பார்த்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தை அழைப்பதுதான் முறை. அந்த அழைப்புக்கு உடனே பலன் இருக்கும்.

சுவரொட்டி ஒட்டுவது, மின்கம்பத்தில் படம் கட்டுவது, காரில் துண்டுச் சீட்டு செருகுவது ஆகியவற்றுக்கு என் பெயரிலோ பள்ளியின் பெயரிலோ நான் சம்மதிக்க மாட்டேன். பதிவேட்டுத் தகவலைக் கொண்டு ஒருவருக்கு எதிராகக் குற்றம் செய்வதை இந்த மாநிலச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நடந்ததைப் பாருங்கள். சட்டம் வந்து சில மாதங்களே ஆகியிருந்த 1995 ஜனவரியில், இதே மாநிலத்தின் பிலிப்ஸ்பர்க்கில், தந்தையும் மகனுமாக இருவர் ஒரு வீட்டுக்குள் புகுந்து அங்கே தூங்கிக்கொண்டிருந்தவரை அடித்தார்கள். அவர்கள் தேடி வந்த ஆள் அவர் இல்லை. 2006 ஏப்ரலில் மெயின் (Maine) மாநிலத்தில் 20 வயது இளைஞன் ஒருவன் இணையப் பதிவேட்டிலிருந்து முகவரிகளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் 24 வயதுக்காரர். பதின்ம வயதில் தன் காதலியோடு கொண்ட உறவுக்காகத் தண்டிக்கப்பட்டவர். அந்தப் பெண்ணுக்கு அப்போது 16 நிறையச் சில வாரங்களே இருந்தன. நம் ஊரில் தட்டப்பட்ட கதவு ஒரு தாயின் அதிர்ச்சியோடு நின்றது. அது நம் நல்வினைப் பயன்.

வீட்டை விற்பது பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. வட கரோலினாவில் செய்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பதிவில் உள்ளவர் குடிவந்த இடத்திலிருந்து ஒரு மைலில் பத்தில் ஒரு பங்குத் தொலைவுக்குள் இருந்த வீடுகளின் விலை சராசரியாக 4 சதவீதம் இறங்கியது. அதற்கு அப்பால் மாற்றம் தெரியவில்லை. நீங்கள் போகும் ஊரின் பதிவேட்டு வரைபடத்திலும் இப்படிப்பட்டவர்களைக் குறிக்கும் புள்ளிகள் இருக்கும். இவர்களைப் பள்ளிக்கும் பூங்காவுக்கும் இத்தனை அடிக்குள் குடியிருக்க விடக்கூடாது என்று நம் மாநில நகராட்சிகள் பல விதி போட்டன. அவை மேகன் சட்டத்துக்கு முரணானவை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. மயாமியில் அப்படிப்பட்ட விதியின் கீழ் வீடு கிடைக்காதவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு பாலத்தின் அடியில் கூட்டமாக வாழ்ந்தார்கள். நிலையான முகவரியும் வேலையும் உள்ளவரைக் கண்காணிப்பது எளிது. துரத்தப்பட்டவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

இனி நான் எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

அமெரிக்க மத்திய நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, காவல் துறைக்கு வந்த வழக்குகளில் 18 வயதுக்குட்பட்டோருக்கு எதிராகப் பாலியல் குற்றம் செய்தவர்களில் ஏறத்தாழ 34 சதவீதம் பேர் குடும்பத்தினர், 59 சதவீதம் பேர் அறிமுகமானவர்கள். முன்பின் தெரியாதவர்கள் 7 சதவீதம் மட்டுமே. இவை புகாராக வந்தவை. வீட்டோடு புதைக்கப்பட்டவை இந்தக் கணக்கில் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டாம் நிலையில் உள்ள ஒருவர் செய்த குற்றம் சொந்தக் குடும்பத்துக்குள் மட்டும் நடந்ததாக இருந்தால், பாதிக்கப்பட்ட குழந்தை அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, பொதுவாக அவரை இணையத்தில் போடுவதில்லை. நாம் விடிய விடியப் பார்த்த அந்த வரைபடத்தில், அதிகம் நடக்கும் வகைக் குற்றத்துக்குப் பெரும்பாலும் புள்ளியே கிடையாது. இந்த மாநிலத்திலேயே மேகன் சட்டத்துக்கு முந்தைய, பிந்தைய ஆண்டுகளை ஒப்பிட்டு 2008இல் முடிந்த ஆய்வு, பாலியல் குற்றத்தை மறுபடி செய்வோரின் எண்ணிக்கை சட்டத்தால் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை என்று சொல்லிற்று. மேகனின் பெற்றோர் கேட்ட உரிமை நியாயமானதுதான். அந்த உரிமையே காவலாகிவிடும் என்று நினைத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை தருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், வேறொரு வார இறுதிப் பள்ளியில் நான் நிலை இரண்டு வகுப்பின் ஆசிரியராக இருந்தேன். ஒரு சிறுமி, எட்டு வயதிருக்கும். மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். இவள் மட்டும் சில ஞாயிறுகளில் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டுவாள், மறுபடி அவிழ்த்துக் கட்டுவாள். “சீக்கிரம் வாம்மா, அங்கிள் காத்துக்கிட்டு இருக்கார்” என்று நான்தான் அவசரப்படுத்துவேன். ஒருநாள் அவளுடைய பையை நானே தூக்கிக்கொண்டு போய் அந்தக் கார் வரை விட்டுவிட்டு வந்தேன். அவள் தாமதித்த ஞாயிறுகள் எல்லாம் முறைவைத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குடும்பங்களில் ஒரு குறிப்பிட்டவர் வந்த ஞாயிறுகள் என்பது இரண்டு ஆண்டு கழித்து அவளுடைய தாயார் தொலைபேசியில் அழுதபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மனிதர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பொங்கல் விழாவில் முன்நின்று நாற்காலி போடுகிறவர். அந்தக் கயிற்றை நான் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை கண்காணிப்பு கேமராவை விடச் சிறியவை, ஆனால் கடினமானவை. “அங்கிளுக்கு ஒரு முத்தம் கொடு, மடியில் உட்காரு” என்று பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். கையெடுத்து வணக்கம் சொன்னால் போதும். அதில் மரியாதை குறைவதில்லை. மாட்டேன் என்று ஒரு குழந்தை பின்வாங்கும்போது “கூச்ச சுபாவம்” என்று விருந்தினரிடம் சிரித்து மழுப்பாமல், அந்த மாட்டேனை அங்கேயே ஏற்றுக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சொல்லாதே என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். நாய்க்குட்டி காட்டுகிறேன் என்பவரிடம் மட்டும் அல்லாமல், சொந்தச் சித்தப்பாவிடமும் அந்த விதி பொருந்தும் என்று சொல்லுங்கள். குழந்தை ஒன்றைச் சொன்னால் முதலில் நம்புங்கள். “அவரா? இருக்காது” என்ற இரண்டு சொல்லில் பல பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டுவிடுகிறார்கள், அதற்குப் பிறகு குடும்ப மானம், அவளுடைய எதிர்காலம் என்று பெரியவர்கள் சேர்ந்து கட்டும் மௌனத்தில் குற்றம் செய்தவருக்கு மட்டுமே பாதுகாப்பு. நியூ ஜெர்சியில், குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும், ஆசிரியர் மட்டுமல்ல, உறவினரும் அண்டை வீட்டாரும்கூட, உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். எந்த நேரமும் அழைக்கக்கூடிய எண் 1-877-652-2873.

நம் பள்ளியும் திருந்த வேண்டியிருக்கிறது. நிலை ஒன்று வகுப்பில் உடல் உறுப்புகள் பாடம் நடத்துகிறோம். தலை, கண், மூக்கு, தோள், வயிறு என்று சுட்டிக்கொண்டே வந்து, வயிற்றிலிருந்து நேராக முழங்காலுக்குத் தாவிவிடுகிறோம். பெயர் இல்லாத இடத்தில் நடந்ததைக் குழந்தை எந்தச் சொல்லால் வந்து சொல்லும்? வயதுக்கேற்ற, கூச்சமில்லாத சொற்களை வைத்து அந்தப் பாடத்தை ஆசிரியர்கள் திருத்தி எழுதுகிறார்கள். அச்சிடும் முன் உங்களுக்குக் காட்டுவோம், கருத்துச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு முதல், பெற்றோர் எழுதிக் கொடுத்த பட்டியலில் உள்ளவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைப்போம். பட்டியலில் இருப்பவரோடும் போக மாட்டேன் என்று பிள்ளை தயங்கினால், தாய் தந்தையைத் தொலைபேசியில் அழைத்துவிட்டுத்தான் அனுப்புவோம். வாகன நிறுத்தத்தில் வரிசை நீண்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் ஒரு பெரியவர் தனியாக ஒரு பிள்ளையோடு இருப்பதை அனுமதிக்க மாட்டோம். இது எனக்கும் பொருந்தும். தன்னார்வலர்கள் எல்லோரும், பத்தாண்டுகளாக வருகிறவர்களும்கூட, பின்னணிச் சோதனைக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். யாரும் இதை அவமதிப்பாக எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் உள்ள அந்தப் படத்தை இன்றே நீக்கிவிடுங்கள்; பார்க்க விரும்புகிறவர்கள் மாநிலக் காவல் துறையின் பக்கத்தில் நேரடியாகப் பார்க்கலாம், முகவரி மாறியிருந்தாலும் சரியான தகவல் அங்கேதான் கிடைக்கும். பிள்ளைகளை அனுப்பப் போவதில்லை என்று எழுதிய இரு குடும்பத்தாரும் முடிவெடுக்கும் முன் என்னோடு ஒருமுறை பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் நூலக அறையில் பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தாய்மார்கள் மட்டுமே வரும் கூட்டம் இது. இம்முறை தந்தையரும் வர வேண்டும்.

சனிக்கிழமை காலை, கதவைத் தட்டிய அந்தத் தந்தையும் நானும் அந்தத் தாயின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறோம். போகலாமா என்று முன்கூட்டியே கேட்டோம், வரச் சொல்லியிருக்கிறார். எங்களோடு வர விரும்பும் தாய்மார் ஒருவர் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவியுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்