உலக முடிவில் பனிப்புகார்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை விட்டால் யாழ்ப்பாணத்து வான்கள் மலையகம் நோக்கிக் கிளம்பிவிடும். ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களைக் கூட்டிப்போனவர், நுவரெலியாவில் ஆறுதலாகக் காலைச் சாப்பாடு முடித்த பிறகுதான் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கு வானை விட்டார். வாசலில் பொலித்தீன் சோதனை வேறு. புட்டுப் பார்சல்களை லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாளிலிருந்து பிரித்து எவர்சில்வர் பெட்டிக்கு மாற்றிக்கொண்டு நின்றோம். அங்குள்ள 'உலக முடிவு' என்ற செங்குத்து மலை விளிம்பை அடைந்தபோது மத்தியானம். 800 மீற்றருக்கும் கூடிய அந்தப் பள்ளம் முழுக்கப் பனிப்புகார்! பிள்ளைகள் வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று செல்பி எடுத்ததுதான் மிச்சம்.

அங்கே காலை 6 மணிக்கே உள்ளே விடுகிறார்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு புகார் மூடுவது வழமை. முதல்நாள் இரவே பக்கத்து ஊர்களான பட்டிப்பொலவிலோ ஒகியாவிலோ தங்கினால் விடிய முதல் வெளிக்கிடலாம். சுற்றுப்பாதை கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர். பேக்கர் நீர்வீழ்ச்சியடி இறக்கத்தில் ரப்பர் செருப்பு சரிவராது, சப்பாத்துத்தான் வேண்டும். இதையெல்லாம் விளம்பரத்திலேயே போடலாமே. நுவரெலியாப் பக்கத்து ஹக்கல பூங்காவும் கிரகரி வாவியும் பின்னேரத்துக்குப் போதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோண்டாவில்.