அஞ்சலக வழக்குத் தொடரும் நம் கிளை அஞ்சலகக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனின் ஐடிவி 2024 ஜனவரி 1 முதல் 4 வரை நான்கு இரவுகள் ஒளிபரப்பிய 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' தொடரைப் பற்றி இங்கும் பலர் பேசுகிறார்கள். கணினிக் கணக்கு காட்டிய பற்றாக்குறைக்காக அஞ்சலகக் கவுண்டர் நடத்தியவர்கள் தண்டிக்கப்பட்ட உண்மைக் கதை அது. 'கம்ப்யூட்டர் செய்த தப்புக்கு ஆட்களை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அஞ்சல் கணக்கு பார்த்தவர்களுக்கு இந்தச் சுருக்கம் போதாது. எந்த மென்பொருளிலும் பிழை வரும். வந்த பிழை உள்ளே சிலருக்குத் தெரிந்திருந்தும், கவுண்டரில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவருக்குச் சொல்லப்படவில்லை. அந்த வழக்குகள் முழுக்க இதன் மேல்தான் நின்றன.

அங்கே சப்-போஸ்ட்மாஸ்டர்கள் மாதச் சம்பள ஊழியர்கள் அல்லர். சொந்தக் காசில் கடை வாங்கி, ஒப்பந்த அடிப்படையில் அஞ்சல் கவுண்டர் நடத்துபவர்கள். அவர்களுடைய கவனக்குறைவாலோ தவறாலோ வந்த நஷ்டத்தை அவர்களே ஈடுகட்ட வேண்டும் என்பது ஒப்பந்த விதி. 1999இல் புஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் மென்பொருள் வந்தபின், திரையில் தெரிந்த பற்றாக்குறை எல்லாமே 'உங்கள் தவறு' என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. தவறு யாருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு மெல்ல இடம் மாறிவிட்டது.

பிழை எப்படி வரும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறோம். ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 2015 அக்டோபரில் நடந்தது. வெளிக்கிளைக்கு, அதாவது முதன்மைக் கிளையின் கீழ் வேறிடத்தில் நடக்கும் சிறு கவுண்டருக்கு, 8,000 பவுண்டு கொண்ட பணப்பை வருகிறது. பையின் பார்கோடை ஸ்கேன் செய்து, வரவு வைத்து, என்டர் தட்ட வேண்டும். தட்டியும் திரை நகரவில்லை. கவுண்டரில் இருப்பவர் யாராக இருந்தாலும் மறுபடி தட்டத்தான் செய்வார். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரவு விழுந்தது. நான்கு வரவு, கணக்கில் 32,000 பவுண்டு. பெட்டியில் இருந்ததோ 8,000. ஒரே நாளில் 24,000 பவுண்டு 'காணவில்லை'. ஒரு பார்கோடுக்கு ஒரு வரவுதான் என்ற சாதாரணத் தடுப்பு அங்கே வேலை செய்யவில்லை. இதே கோளாறு அதற்கு முன்பே வேறு கிளைகளிலும் வந்திருந்தது என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது.

பற்றாக்குறை வந்துவிட்டால் அடுத்தது என்ன? 2005 வரை தகராறுள்ள தொகையைக் கிளை அளவிலேயே சஸ்பென்ஸ் கணக்கில் நிறுத்தி வைக்கலாம். அந்த ஆண்டு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் கணக்குக் காலம் முடியும்போது கைக்காசு போட வேண்டும், அல்லது தலைமைக்குக் கடன்பட்டதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். 'இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை' என்று சொல்லத் திரையில் ஒரு பொத்தான்கூட இல்லை. கணக்கை முடிக்காமல் அடுத்த காலத்துக்குப் போக முடியாது. போகாவிட்டால் கவுண்டரை நடத்த முடியாது. பென்ஷன் வாங்க வருபவர்கள் வாசலில் நிற்கும்போது பலர் 'கணக்கு சரி' என்று கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்தே பிறகு பொய்க்கணக்கு எழுதிய குற்றமாயிற்று.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ கிராமத்தின் ஜோ ஹாமில்டனுக்கு நேர்ந்தது இதுதான். ஹெல்ப்லைனில் சொன்னபடி செய்ய, சுமார் 2,000 பவுண்டு பற்றாக்குறை அவர் கண்ணெதிரே இரட்டிப்பானதைத் தொடர் அப்படியே காட்டுகிறது. மொத்தம் 36,000 பவுண்டு என்று குற்றம்சாட்டினார்கள். வீட்டை மறு அடமானம் வைத்தார். திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிடுவதற்காகப் பொய்க்கணக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 2008இல் தண்டனை சொல்லும் நாளில் வின்செஸ்டர் நீதிமன்றத்துக்குத் திரண்டு வந்தார்கள். அவருடைய பெயரில் இருந்த கறை 2021 ஏப்ரலில்தான் நீங்கியது. அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்த தண்டனைகள் 39. அவற்றில் ஒன்று வெஸ்ட் பைஃப்ளீட்டின் சீமா மிஸ்ராவினுடையது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அவரை 2010 நவம்பரில், கர்ப்பிணி என்று தெரிந்தே சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். தண்டனை 15 மாதம்.

அதே 2010இல் உள்ளே என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கணக்கு முடிக்கும்போது வித்தியாசத் தொகையை மாற்றப்போய் 'ரத்து' அழுத்தினால், கிளைத் திரையில் வித்தியாசம் மறைந்துவிடும். மையக் கணக்கில் மட்டும் அப்படியே நிற்கும். சுமார் 40 கிளைகளில் இது வந்திருந்தது. போஸ்ட் ஆபீஸ், புஜிட்சு அதிகாரிகள் உட்கார்ந்து பேசிய குறிப்பு இருக்கிறது. கிளைக்காரருக்குக் கணக்கு சரியாகத் தெரிகிறது, இது வெளியே தெரிந்தால் நடக்கும் வழக்குகளைப் பாதிக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் அந்தக் கிளைகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

இங்கிலாந்தின் பிராக்னெல்லில் இருந்த புஜிட்சு ஊழியர்கள் கிளைக் கணக்குக்குள் வெளியிலிருந்தே பதிவு போட முடியும் என்பதையும் போஸ்ட் ஆபீஸ் பல ஆண்டுகள் மறுத்தே வந்தது. பழைய ஹொரைசனில் அப்படிப் போட்ட பதிவு, கவுண்டர் ஆளே போட்டதுபோல் தெரியக்கூடும். போஸ்ட் ஆபீஸ் தரப்பு வழக்கறிஞர் சைமன் கிளார்க், வழக்குகளில் சாட்சி சொன்ன புஜிட்சு நிபுணர் தமக்குத் தெரிந்த பிழைகளைச் சொல்லவில்லை என்று 2013 ஜூலையிலேயே போஸ்ட் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார். ஹொரைசன் பிழை பற்றிய வாராந்திரக் கூட்டக் குறிப்புகளைக் கிழித்துப்போடச் சொன்னதாகத் தெரிந்ததும், பாதுகாத்தே ஆக வேண்டும் என்று ஆகஸ்ட்டில் மறுபடி எழுதினார். இந்த ஆலோசனை தண்டிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் கைக்கு வந்தது 2020 நவம்பரில். ஹெல்ப்லைன் மட்டும் அத்தனை ஆண்டும் 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தொடரின் நாயகனான சப்-போஸ்ட்மாஸ்டர் ஆலன் பேட்ஸ் குற்ற வழக்கில் சிக்காமல் தப்பியதற்குக் காரணம், தாம் ஏற்காத தொகைக்குக் கையெழுத்திடாததும் அச்சுத்தாள்களைப் பத்திரப்படுத்தியதும்தான். 2003இல் ஒப்பந்தம் பறிபோனது. 2019இல், அவரையும் சேர்த்து 555 பேர் தொடுத்த வழக்கில் வென்றார். கிடைத்த 5.775 கோடி பவுண்டில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போயிற்று. மற்றவர்களின் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம், தொடர் ஒளிபரப்பான பின் 2024 மே மாதத்தில்தான் வந்தது.

இது நமக்கும் சம்பந்தமுள்ள விஷயம். 2025 ஆகஸ்ட்டில் நம் அஞ்சல் துறை நாடு முழுவதும் ஏபிடி என்ற புதிய மென்பொருளுக்கு மாறிவிட்டது. நம் விதிகளில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: கையிருப்பு குறைந்தால் அதை யு.சி.பி. (வகைப்படுத்தப்படாத செலவு) தலைப்பில் செலவாகக் காட்டிவிட்டு விசாரிக்கலாம். நடைமுறையில் 'முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம்' என்றே சொல்லப்படுகிறது. கிராமத்து பி.பி.எம். (கிளை போஸ்ட்மாஸ்டர்) வீட்டுப் பணத்தைப் போட்டுவிட்டால் பிழை இருந்த தடமே அழிந்துபோகும். எனவே திரை நின்றால் அதே பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள். வெளியேறி, மீண்டும் நுழைந்து, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரத்தையும் பதிவு எண்ணையும் குறித்துக்கொண்டு, அன்றைய பரிவர்த்தனைப் பட்டியலை அச்செடுத்து வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால் 'ஆட்சேபத்துடன்' என்று எழுதி ரசீது பெறுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகும் கணினிப் பதிவுக்குப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழும் ஹாஷ் எண்ணும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) கேட்கிறது. கோப்பு பிறகு மாறவில்லை என்பதை ஹாஷ் எண் காட்டும். கூட்டல் சரியா என்பதைக் காட்டாது. வழக்காடுபவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும்.

துறையிடம் எங்கள் வேண்டுகோள்: புதிய மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு பிழையையும், அது எந்தத் திரையில், எந்த வேலையின்போது வருகிறது என்ற விவரத்தோடு மாதந்தோறும் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் பற்றாக்குறைக்கும் வசூல் ஆணை பிறப்பிக்காதீர்கள்.

இப்படிக்கு,
அஞ்சல் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற சிலர்,
திருச்சி