ஓரமாகப் போய்த்தான் விழுந்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சைக்கிள்காரர்கள் ஓரமாகப் போனால் யாருக்கும் தொந்தரவில்லை என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பதினாறு வருடமாக சைக்கிளில் வேலைக்குப் போகிறவள் நான். அவர் சொல்கிற மாதிரி ஓரமாகப் போய்த்தான் என் இடது மணிக்கட்டு உடைந்தது.

வரிசையாக நின்ற கார்களை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கதவு படாரென்று திறந்தது. பிரேக்கில் விரல் வைப்பதற்குள் கதவின் விளிம்பு ஹேண்டில்பாரில் மாட்டி, நடுரோட்டில் கிடந்தேன். பின்னால் வந்த வேன்காரர் நிறுத்திவிட்டார். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. காரிலிருந்து இறங்கியவர் முதலில் கேட்டது, "நீங்க எங்கேருந்து வந்தீங்க?" வானத்திலிருந்தா குதிப்பேன்?

அன்றிலிருந்து நிற்கிற கார்களை விட்டு ஒரு கதவு அகலம், அதாவது ஒரு மீட்டராவது தள்ளித்தான் போகிறேன். சாலை குறுகினால் நடுவிலேயே போவேன். ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், என்னைப் பார்த்துவிட்டதால்தானே அடிக்கிறார்கள்! எனக்குப் பயம், போனைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் வருகிறவரிடம்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி தலை குனிந்தால் கார் கிட்டத்தட்ட 28 மீட்டர் போய்விடும்.

ஓரத்தில் இன்னொரு பொறி, சிக்னலில் நிற்கும் லாரிக்குப் பக்கத்தில் இருக்கும் சந்து. நுழையலாம் போலத்தான் இருக்கும். ஆனால் லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சந்து இருந்த இடமே இருக்காது. லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நான் தெரியவில்லை. அதனால் பின்னாலேயே நின்றுவிடுவேன். அரை நிமிடம்தானே, போனால் போகிறது. (எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பின்விளக்கே இல்லாமல் இருட்டில் போகிறவர்களை எனக்கே திட்டத் தோன்றும்.)

சரி, கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கதவுப் பக்கம் இருக்கிற கையால் திறக்காதீர்கள், மறு கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும், வருகிறவர் தெரிவார். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்தில் 2022-ல் இதைச் சேர்த்தார்கள். நகர வேகத்தில் சைக்கிளை முந்தும்போதும் ஒன்றரை மீட்டராவது இடம் விடச் சொல்கிறது அதே புத்தகம்.

என் அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். முதல் சில நாள் சீட் பெல்ட்டில் கை சிக்கி, திட்டு எனக்குத்தான் விழுந்தது. போன வாரம் அவர் காரில் போனேன். இறங்கும்போது கை தானாகக் குறுக்கே போனது. திரும்பிப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்திருந்தார். பள்ளிப் பையன் ஒருவன் சைக்கிளில் கடந்து போனான். அப்புறம்தான் கதவைத் திறந்தார்.

இப்படிக்கு,
சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு வாசகி